எடை கம்மி

பச்சை உறை. ஒரு வரியும் படிக்க முடியவில்லை.
எழுத்துக்கெல்லாம் தலையில் சின்னச் சுழி,
எண்ணெயில் விழுந்து சுருண்ட சென்னாக்கூனி போல.
படம் மட்டும் புரிந்தது:
கிண்ணம், கெட்டில், கடிகாரம், மூன்று.

கீழ்வீட்டு ஹபீபா அக்கா நான்கு பொட்டலம் கொடுத்தார்.
ஹாட்யாயிலிருந்து வந்த மகன் நாகூர் கனி
பத்தே நாளில் திரும்பிப் போயிருந்தான்.
"எங்க யாருக்கும் எறங்கல.
நீங்கதான் எதையும் சாப்புடுவீங்களே."
பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் பொட்டலம், படம் சொன்னபடி.
கொள்முதல் நிலையத்தில்
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் நெல்லை நிறுத்துகிறவள்
மூன்று நிமிடத்தைத் தாண்ட விடுவேனா?
தேங்காய் முதலில் வந்தது, வந்த வேகத்தில் போனது.
அப்புறம் உப்பு, உப்பு, உப்பு.
எல்லாம் முடிந்தபிறகு காரம்,
நேரங்கழித்து வந்து எல்லோரையும் கத்துகிற அதிகாரி மாதிரி.
நடுவே ஒரு வாசனை மட்டும்
பஸ்ஸில் எதிர்ச்சீட்டில் உட்கார்ந்த தெரிந்த முகமாக
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
பெயர்தான் வரவில்லை.

இரண்டாவதில் பால்பவுடரை ஒதுக்கிவிட்டு
அரைமூடி துருவிப் பிழிந்து ஊற்றினேன்.
போன் வந்தது. பேசினேன். கொதித்துத் திரிந்துவிட்டது.
அதையும் சாப்பிட்டேன், நின்றுகொண்டே.
வாசனை மறுபடி வந்து
இன்னுமா தெரியல என்றது.

புதன்கிழமை மழை. லாரி வரவில்லை.
கூத்தாநல்லூர் சாலை முழுக்கத் தார்ப்பாய்,
அதற்கடியில் குறுவை நெல், முளைக்கலாமா என்று யோசித்தபடி.
வடபாதிமங்கலம் செங்குட்டுவன் குவியலில் கை விட்டு
ஒரு பிடி அள்ளிக் கருவியில் போட்டேன்.
இருபத்தொன்று.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருமினார்.
நானும் இருமினேன், நாலு நாளாக ஈரத்தில் நிற்கிறேன்.
மடியிலிருந்து ஒரு துண்டு வேரை ஒடித்து
"அடக்கிக்குங்க, தொண்டைக்கு நல்லது" என்றார்.
கடித்தேன்.

சித்தரத்தை!

நாட்டுமருந்துக் கடையில்
சுக்குக்கும் திப்பிலிக்கும் நடுவில் கிடக்கிறதே,
அதுவா என் கிண்ணத்தில் அந்நியம் பேசியது?
நான் சிரித்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ.
நெல்லை நிறுத்தியவள், வேரை மென்றபடி சிரிக்கிறாள்.

மூன்றாவது, அவசரத்தில் கெட்டது.
விரல் நீளம் தட்டிப் போட்டேன். சளிக்குக் கஷாயம்.
நூடுல்ஸ் அதில் நோயாளியாகக் கிடந்தது.

நான்காவதுக்கு நகக்கண் அளவுதான் எடுத்தேன்.
அக்கா கொல்லையில் நார்த்தை இலை இரண்டு,
நடுநரம்பை உருவி, மயிர் மாதிரி நறுக்கி.
வேப்பிலைக்கட்டிக்கு இடிக்கிற அதே இலைதான்.
சென்னாக்கூனி ஒரு கரண்டி, வெறும் சட்டியில் வறுத்தது.
அச்சுவெல்லம் கொஞ்சம் நுணுக்கி.
பாலைக் கடைசியில் ஊற்றிப் பக்கத்திலேயே நின்றேன்,
போன் அடித்தது, அடிக்கட்டும்.
உப்புப்பொடியில் பாதியை மட்டும் போட்டேன்;
எண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.
ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டதும்
நூடுல்ஸ் எதற்கு என்று தோன்றியது.
காலையில் வடித்த சோறு இருந்தது.

இரண்டாம் தட்டில் அக்கா வந்துவிட்டார், கையில் போன்,
போனுக்குள் நாகூர் கனி.
"மாடி அக்கா நீ வாங்கியாந்ததுல கொழம்பு வச்சிருக்காங்கடா,
வாடை கீழ வரைக்கும்!"
அவன் முழித்தான்.
"அதையா? இங்க யாரும் அத வாங்க மாட்டாங்கம்மா.
முப்பது கிலோவுக்கு மேல விட மாட்டேங்குறான்,
எடை கம்மியா இருந்துச்சு, அதான்."
பிறகு, "என்ன போட்டீங்க?" என்று கேட்டான்.
சொல்லத் தொடங்கினேன். நார்த்தை இலையில் லைன் போய்விட்டது.
அக்கா சோற்றைப் பிசைந்தபடி
போனை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

மறுநாளும் தூறல். செங்குட்டுவன் குவியல் இருபது.
நாற்பது கிலோ சாக்குகள் காலியாக மடிந்து கிடந்தன.
வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் அந்த நான்காவது கட்டி,
காய்ந்து, சதுரமாக, பிரிக்காத எண்ணெயோடு.
தூக்கிப் பார்த்தேன்.
ஆமாம், கம்மிதான்.